நாற்றமில்லை என்பது சான்றாகுமா?

அமெரிக்கச் சாலைகளில் 1980-களின் கேம்பர் வேன்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஃபோக்ஸ்வேகன் வேனகனின் வெஸ்ட்ஃபாலியா வகையை எடுத்துக்கொள்வோம். 1991 வரை அங்கே விற்ற வண்டி அது. உள்ளே சின்ன அடுப்பு, சின்னக் குளிர்பெட்டி, தூக்கி விரிக்கும் கூரை, மடக்கினால் படுக்கையாகிவிடும் இருக்கை. அடுப்புக்கும் குளிர்பெட்டிக்கும் எரிபொருள் தரும் புரொப்பேன் தொட்டி வண்டியின் அடிவயிற்றில் தொங்குகிறது. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, சக்கரம் எற்றும் கல், சேறு எல்லாம் முப்பது நாற்பது வருடமாக அதன்மேல்தான் படிகின்றன. அப்படியொரு வண்டிக்காரர் இரவில் கதவைத் திறந்து ஏறுகிறார். குப்பென்று அழுகிய முட்டைக்கோஸ் வாடை. இரண்டு நிமிடத்தில் அது தெரியவில்லை. தொட்டி தீரப்போகிறது, அடிமண்டி கொஞ்சம் நாறத்தான் செய்யும் என்று சொல்லிக்கொள்கிறார். மத்தியானம் எரிபொருள் நிரப்பினோமே, அந்த மிச்சமாக இருக்கும் என்றும் சொல்லிக்கொள்கிறார். இத்தனை வருடம் ஒன்றும் ஆகாத வண்டிதானே என்ற எண்ணமும் கூட வருகிறது. மனைவியும் குழந்தையும் மேல்படுக்கையில் உறங்க, இவரும் விளக்கணைத்துப் படுக்கிறார். காலையில் எல்லோரும் நலமாக எழுந்து காப்பி போடுகிறார்கள். அவர் தவறு செய்தாரா?

இதே கேள்வியை 1877-இல் இங்கிலாந்தின் கணித அறிஞர் வில்லியம் கிங்டன் கிளிஃபர்ட் ஒரு கப்பலை வைத்துக் கேட்டார். நம்பிக்கையின் அறம் பற்றிய அந்தக் கட்டுரையில், கிழட்டுக் கப்பல் ஒன்றைக் குடியேறிகளோடு கடலுக்கு அனுப்பப்போகும் முதலாளி வருகிறார். பழுது பார்க்க வேண்டுமோ என்ற ஐயம் அவருக்கு எழுகிறது. செலவாகும். ஆகவே, இத்தனை பயணம் பிழைத்த கப்பல் இதையும் பிழைக்கும், இறைவன் இந்த ஏழைக் குடும்பங்களைக் கைவிடமாட்டான் என்று மனத்தைத் தேற்றி, உண்மையிலேயே நம்பத் தொடங்கிவிடுகிறார். கப்பல் மூழ்கினால் அவர் குற்றவாளி என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. கிளிஃபர்ட் அடுத்துச் சொன்னதுதான் உறைக்கும்: கப்பல் கரை சேர்ந்தாலும் அவர் அதே அளவு குற்றவாளி. அப்படி நம்ப அவருக்கு உரிமை இருக்கவில்லை, அவ்வளவுதான். ஏதோ நாற்காலித் தத்துவம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இற்றுப்போன கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி அனுப்பும் முதலாளிகளுக்கு எதிராகச் சாமுவேல் பிளிம்சால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் போராடி, 1876-இல் சட்டம் வந்திருந்த காலம் அது. கிளிஃபர்டும் 1870-இல் சூரிய கிரகணம் பார்க்கப் போன பயணத்தில் சிசிலிக் கடலோரம் கப்பல் உடைந்து உயிர்தப்பியவர்.

கிளிஃபர்டின் விதி மிக அகலமானது. போதிய சான்றில்லாமல் எதையும், எங்கும், எவரும் நம்பக்கூடாது என்கிறார். அவ்வளவு அகலத்துக்கு அது தாங்காது என்பதே என் எண்ணம். ஆனால் இரண்டு நிபந்தனைகள் சேரும் இடத்தில் அதை அசைக்க முடியாது: சோதித்துப் பார்ப்பது கைக்கெட்டிய தூரத்தில் இருக்க வேண்டும், நம்பிக்கை பொய்த்தால் விலை கொடுப்பவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும். வேனின் மேல்படுக்கையில் உறங்கும் குழந்தை அந்த வேறொருவர். மீதியைப் புரிந்துகொள்ள அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

புரொப்பேனுக்கு இயல்பில் வாடை கிடையாது. நிறமும் கிடையாது. காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம் என்பதால் கசிந்தால் மேலே போகாமல் தரையில் தண்ணீர் மாதிரி தேங்கும். காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே பற்றிக்கொள்ளும். நாம் முகர்வது அதில் வேண்டுமென்றே கலந்த எத்தில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தை. நம் அடுப்பங்கரைச் சிலிண்டரில் நாறுவதும் அதுதான். இப்படிக் கலக்கும் வழக்கம் அமெரிக்காவில் சட்டமானதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் பள்ளியில், கட்டடத்துக்கு அடியில் தேங்கியிருந்த இயற்கை வாயு, தொழிற்பயிற்சி அறையின் மின்கருவி ஒன்றின் பொறியில் வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். செலவை மிச்சம்பிடிக்க, எண்ணெய் வயலின் கழிவு வாயுக் குழாயிலிருந்து பள்ளிக்கு இணைப்பு எடுத்திருந்தார்கள். அந்த வாயுவுக்கு வாடை இல்லை. பிள்ளைகள் சில நாளாகத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்ததும், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாததும் பிறகு பதிவாயின. வாயுவில் வாடை சேர்க்க வேண்டும் என்று டெக்சாஸ் சில மாதங்களுக்குள் சட்டம் இயற்றியது. வேனில் ஏறும்போது மூக்கில் படுவது அந்தச் சாவுகளுக்குப் பிறகு மனிதர்கள் செய்து வைத்த ஒரு குறி. மலையில் புகை கண்டு நெருப்பைக் கருதும், தருக்க நூல்களின் பழைய எடுத்துக்காட்டில் புகை தானாக எழுகிறது. இங்கே புகையையே மனிதன் உண்டாக்கி நெருப்போடு கட்டிவிட்டிருக்கிறான், யாரும் கருதத் தவறிவிடக்கூடாதே என்று. அந்தக் குறியைக் கண்டும் வேறு காரணம் தேடுகிறவருக்கு நியூ லண்டன்காரர்களுக்கு இருந்த சாக்குக்கூட இல்லை.

அவர் தேடிய காரணங்கள் முழுப் பொய்யும் அல்ல. அதனால்தான் அவை ஆபத்தானவை. மெர்காப்டன் புரொப்பேனைவிட மெதுவாக ஆவியாகும். ஆகவே தொட்டி தீரும் தறுவாயில் மிச்சத் திரவத்தில் அது அடர்ந்து நாற்றம் கூடுவது உண்மை. நிரப்பும்போது, எண்பது விழுக்காடு மட்டம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சின்னத் திருகைத் தளர்த்துவார்கள். அதன் வழியே வெண்புகையாய்க் கொஞ்சம் வாயு பீறிடுவதும் உண்மை. ஆனால் முதல் காரணம் நாற்றம் ஏன் கடுமையாக இருக்கிறது என்பதை விளக்குகிறதே தவிர, மூடியிருக்க வேண்டிய வாயு ஏன் வெளியே இருக்கிறது என்பதை விளக்கவில்லை. இரண்டாவது காரணம் மத்தியானத்துக்குப் பொருந்தும், இரவுக்குப் பொருந்தாது. பாதி உண்மை ஒன்று கையில் கிடைத்தவுடன் மனம் மீதிப் பாதியைத் தேடுவதை நிறுத்திக்கொள்கிறது.

அவருடைய கடைசித் துணை, இரண்டு நிமிடத்தில் வாடை தெரியவில்லை என்பது. இங்கேதான் நம் பழைய அளவை நூல்கள் உதவிக்கு வருகின்றன. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவம் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், ஒன்றை அறியும் வழிகள் என்று பிறர் சொல்லும் பத்தை எண்ணிக்காட்டி, அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறது. அந்தப் பத்தில் ஒன்று அபாவம்: ஒரு பொருள் தென்படாததை வைத்து அது இல்லை என்று அறிவது. குமாரிலரைப் பின்பற்றும் மீமாஞ்சகர்களும் அத்வைதிகளும் இதைத் தனி அளவையாகக் கொண்டார்கள். நியாயத் தத்துவ மரபினரான நையாயிகர்கள் மறுத்தார்கள். சண்டை அதில்தான். ஆனால் ஒரு நிபந்தனையில் யாருக்கும் சண்டை இல்லை. தரையில் குடம் இல்லை என்று நான் அறிய வேண்டுமானால், இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலை முதலில் இருக்க வேண்டும். விளக்கில்லாத அறையில் குடம் தெரியவில்லை என்பது குடத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை, இருட்டைப் பற்றித்தான் சொல்கிறது.

வாடை வரவில்லை, ஆகவே கசிவு இல்லை என்பதும் அபாவ வாதம்தான். கசிந்தால் இந்த மூக்குக்குத் தெரியுமா என்று கேட்டால் வாதம் ஆட்டம் காண்கிறது. மெர்காப்டனை நூறு கோடியில் ஓரிரு பங்கு இருந்தாலே முகரக்கூடிய அதே மூக்கு, சில நிமிடம் அதிலேயே இருந்தால் மரத்துப்போகும். கருவாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கருவாட்டு வாடை தெரியாதது போலத்தான். சளி பிடித்தாலும், வயதானாலும், தூங்கினாலும் மூக்கு சரியாக வேலை செய்யாது. உள்ளே துருவேறிய தொட்டியின் இரும்பு, மெர்காப்டனை வேதிமாற்றம் செய்து வாடையையே மங்கவைக்கும். கனமான வாயு தரையோரம் தேங்க, மூக்கோ நான்கடி மேலே இருக்கிறது. ஆக, இரண்டு நிமிடத்தில் மறைந்தது கசிவா, மோப்பமா என்று அவருக்குத் தெரியாது. இதைச் சமாளிக்கத்தான் இவ்வகை வண்டிகளில் தரையோரம் ஒரு வாயு உணரி பொருத்துகிறார்கள். அதன் ஆயுள் பொதுவாக 5 முதல் 7 ஆண்டு. பழைய வேன்களில் அது காலாவதியாகி வெறும் பச்சை விளக்காக எரிந்துகொண்டிருக்கும். அல்லது யாரோ தலைக்கு அடித்த ஸ்பிரேக்கு நள்ளிரவில் அலறியது என்பதற்காக வயரைப் பிடுங்கிவிட்டிருப்பார்கள். சாட்சியின் வாயில் துணியை அடைத்துவிட்டு, எதிராக யாரும் சாட்சி சொல்லவில்லை என்று தீர்ப்பு எழுதினால் எப்படி இருக்கும்?

சரி, சோதனை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? உண்மையாகவே கைக்கெட்டும் தூரத்தில். முதலில் எல்லோரும் இறங்க வேண்டும். கதவுகளைத் திறந்துவிட்டு, சுவிட்ச் எதையும் தொடாமல், தொட்டியின் வால்வை மூட வேண்டும். அதன்பின் காற்றோட்டமான பகலில், நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாதபோது, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஒரு பழைய தூரிகையால் இணைப்புகளில் தடவ வேண்டும். அம்மோனியாவோ குளோரினோ கலந்த சோப்பு ஆகாது, பித்தளையில் வெடிப்பு விடும். சோதிக்கும் நேரத்துக்கு மட்டும் வால்வைத் திறந்து, அதன் தண்டு, மட்டம் பார்க்கும் அந்தச் சின்னத் திருகு, நிரப்பும் வாய், ரெகுலேட்டரின் இரு பக்கம், செப்புக் குழாயின் நட்டுகள் என்று ஒவ்வொன்றாய்ப் பார்க்க வேண்டும். தூரிகை கிளப்பிய நுரை மெல்ல உடைந்து அடங்கிவிடும். கசிவு உள்ள இடத்தில் ஒரு கொப்புளம் பருக்கும், உடையும், அதே புள்ளியில் மறுபடி பருக்கும். மிகச் சிறிய கசிவானால் கொப்புளமே கண்ணுக்குப் படாது. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தால், பால் பொங்கி அடங்கிய பாத்திர விளிம்பில் படிந்திருப்பது போல அந்த ஓரத்தில் மட்டும் பொடி நுரை திரண்டிருக்கும். மூக்கால் கருதியது இப்போது கண்ணால் காண்டல் ஆகிவிட்டது.

நுரை எதையும் காட்டாவிட்டால் அடுத்த படி இன்னும் அழகானது. தொட்டியின் அழுத்தத்தைப் பார்த்துப் பயனில்லை. உள்ளே திரவம் இருக்கும்வரை அது வெப்பத்தைப் பொறுத்ததே தவிர, எவ்வளவு கசிந்தது என்பதைச் சொல்லாது. ஆகவே வாயுவைக் குழாய்க்குள் அடைத்து, தொட்டி வால்வை மூடி, அடுப்பு குளிர்பெட்டி எல்லாவற்றையும் அணைத்து, குழாயில் ஒரு அழுத்தமானியை மாட்டிவைக்கிறார் மெக்கானிக். முள் இறங்கினால் கசிவு உண்டு. வெயில் ஏறும் நேரமானால் சூட்டில் அழுத்தம் கூடிக் கசிவை மறைத்துவிடும் என்று அவருக்குத் தெரியும், அதனால் நிழலில் செய்வார். பிறகு குளிர்பெட்டிக்குப் போகும் கிளையை அடைத்துப் பார்ப்பார், அடுப்புக் கிளையை அடைத்துப் பார்ப்பார். சித்தியாரின் பட்டியலில் இதற்கும் ஒரு பெயர் இருக்கிறது: ஒழிபு. இது அல்ல, இதுவும் அல்ல என்று விலக்கிவர, எஞ்சி நிற்பதை உறுதிகொள்வது. பழுது தேடுகிறவர்கள் எந்த மொழியில் வேலை செய்தாலும் இதைத்தான் செய்கிறார்கள். எஞ்சி நிற்பது குழாய் நட்டானால் அதோடு முடிந்தது. வால்வானால், தொட்டியைக் காலிசெய்து உரிமம் பெற்றவர் மாற்ற வேண்டும். தொட்டியின் உடலே அரித்துப் போயிருந்தால் பற்றவைப்பு, பசை எதுவும் கூடாது, வேறு தொட்டிதான்.

இப்படி ஒவ்வொன்றுக்கும் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டிருந்தால் வாழ முடியுமா என்று கேட்கலாம். பாலத்தின்மேல் போகும்போது இறங்கித் தூணைத் தட்டிப் பார்க்கிறோமா? மருந்துக் கடைக்காரர் கொடுத்த மாத்திரையைச் சோதனைச்சாலைக்கு அனுப்புகிறோமா? நியாயமான கேள்வி. கிளிஃபர்டின் விதியை அகலமாகப் படித்தால் அது இங்கே சிக்கிக்கொள்ளும். நாம் அறிந்ததில் பெரும்பகுதி உரை, பிறர் சொல்லி அறிந்தது. அதில் தவறில்லை. ஆனால் உரைக்கும் நிபந்தனை உண்டு: சொல்பவர் அறிந்தவராக, பொய்க்காதவராக இருக்க வேண்டும், சொன்னது இன்றும் செல்லுபடியாக வேண்டும். பாலத்தைப் பொறியாளர்கள் தொடர்ந்து பார்க்கிறார்கள். பழைய வேனின் தொட்டியில் என்றோ யாரோ சோதித்து ஒட்டிய வில்லை, அன்றைய நிலையைப் பற்றிய உரை. அதன் பிறகு எத்தனை பனிக்கால உப்பு விழுந்தது என்பது அந்த வில்லைக்குத் தெரியாது. அதோடு, ஐயத்துக்கு இடமே இல்லாதபோது சோதி என்று யாரும் கேட்கவில்லை. ஐயம் அவர் மூக்கிலேயே வந்து நின்றது. பாலம் ஆடுவதைக் கண்ட பிறகும் வண்டியை ஓட்டுகிறவரோடுதான் அவரை ஒப்பிட வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு வில்லியம் ஜேம்ஸுடையது. 1896-இல் வந்த நம்பும் விருப்பம் பற்றிய உரையில் அவர் நேராகக் கிளிஃபர்டைத்தான் குறிவைத்தார். சான்று தீர்க்க முடியாத, ஆனால் தள்ளிப்போடவும் முடியாத சில கேள்விகள் வாழ்க்கையில் உண்டு, அங்கே சான்றுக்காகக் காத்திருப்பதே ஒரு முடிவு, அது எதையோ இழக்கும் முடிவு என்றார். முன்பின் தெரியாத ஒருவரோடு நட்பு கொள்ள வேண்டுமானால், அவர் நல்லவர் என்ற சான்று வருவதற்கு முன்பே கொஞ்சம் நம்பிவைக்க வேண்டியிருக்கிறது. நாம் நம்புவதே அவரை நல்லவராக்கவும் கூடும். இதில் ஜேம்ஸின் பக்கமே நியாயம் என்று எனக்குப் படுகிறது. கிளிஃபர்டின் கண்டிப்போடு எந்தக் கல்யாணமும் நடக்காது. ஆனால் ஜேம்ஸ் கதவைத் திறந்துவிட்டது சான்று தீர்க்க முடியாத கேள்விகளுக்கு மட்டும். வால்வின் தண்டில் கசிவு உண்டா என்பது பத்து நிமிடத்தில், ஒரு கரண்டி சோப்பில் தீரும் கேள்வி. நான் நம்பினால் நண்பர் மாறலாம். நான் எவ்வளவு நம்பினாலும் வால்வின் ரப்பர் வளையம் இறுகாது.

இறைவனை நம்புகிறவர் இந்த இடத்தில் குறுக்கிடலாம். சான்று சான்று என்று ஆரம்பித்தால் கடைசியில் கடவுளிடமும் சான்று கேட்பீர்கள், கிளிஃபர்டும் அதற்குத்தானே அடிபோட்டார் என்று. அவர் அதற்கு அடிபோட்டார் என்பது மெய்தான். ஆனால் கப்பல் முதலாளி இறைவனை எதற்கு அழைத்தார் என்று பாருங்கள். பழுது பார்க்கும் செலவிலிருந்து தப்பிக்க. தான் செய்ய வேண்டியதைச் செய்தபின் பலனை ஒப்படைப்பது ஒன்று. செய்யாமல் விட்ட ஓட்டையை இறைவன் பெயரால் அடைப்பது வேறொன்று. பின்னதைப் பக்தி என்றால் பக்தர்களே ஒப்பமாட்டார்கள். சித்தியாரின் அமைப்பையே பாருங்கள். இறை, உயிர், தளை என்ற பெரும் பொருள்களுக்குள் போவதற்கு முன், அறிவு எப்படி வருகிறது, எங்கே பிழைக்கிறது என்று அளவையை முதலில் வைத்துவிட்டுத்தான் அருணந்தி சிவம் உள்ளே போகிறார். இறைவனை அளவைகளால் முழுக்க அளந்துவிட முடியும் என்று அவர் சொல்லவில்லை. அளவைக்குள் அடங்கும் விஷயத்தில் அளவையைக் கைவிடலாம் என்றும் சொல்லவில்லை. கசிவு அளவைக்குள் அடங்கும் விஷயம். அங்கே ஐயப்படுவதால் நம்பிக்கைக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

கடைசியாக ஒன்று எஞ்சுகிறது: ஒன்றும் நடக்கவில்லையே! நடக்காததற்கு எப்படிக் குற்றம் சாட்டுவது? நீதிமன்றம் பெரும்பாலும் விளைவைப் பார்த்துத்தான் தண்டிக்கும். ஆனால் அறத்தின் கேள்வி வேறு. அன்றிரவு குளிர்பெட்டியின் சுடர் எரிந்ததா, கதவிடுக்கில் காற்று வந்ததா, தேங்கிய வாயு 2 விழுக்காட்டைத் தொட்டதா என்பதெல்லாம் அவர் கையில் இல்லாதவை. அவை நல்லபடி அமைந்ததற்கு அவருக்குப் பாராட்டு இல்லை என்றால், அதே அமைப்பைக் காட்டி அவரை விடுவிக்கவும் முடியாது. அவர் கையில் இருந்தது வால்வு மட்டும். அதைக்கூடச் சோதிக்க வேண்டியதில்லை, மூடிவிட்டு, குடும்பத்தோடு வெளியே கூடாரத்தில் படுத்திருந்தால் போதும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். அவர் நேர்மையாகவே நம்பித்தான் தூங்கினார் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்த நேர்மை, வாடை வந்த முதல் நிமிடத்தில் எழுந்த ஐயத்தைப் பிடித்துக் கீழே அமுக்கியதால் கிடைத்தது. கிளிஃபர்ட் சரியாகத்தான் சொன்னார்: அவர் தவறு செய்தார். அதைச் செய்தது விளக்கணைத்த கணத்தில்.

பழைய வேன் வைத்திருக்கும் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வேண்டுகோள். தரையோரம் பொருத்திய அந்த உணரியைக் கழற்றித் திருப்பினால் பின்பக்கம் தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும். இன்றிரவு படுக்கப் போகுமுன் அதைப் பாருங்கள்.